அவையறிதலும் அவையஞ்சுதலும்: தமிழ்த் தொலைக்காட்சித் தணிக்கை வரலாறு

திருவள்ளுவர் பொருட்பாலில் அவையறிதல், அவையஞ்சாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். முன்னது 72-ஆம் அதிகாரம். பின்னது 73-ஆம் அதிகாரம். கேட்போரின் இயல்பறிந்து சொல்லைத் தேர்ந்துரைத்தல் முன்னதன் பொருள். கற்றதனை அவையின்கண் நடுக்கமின்றி எடுத்துரைத்தல் பின்னதன் பொருள். இவ்விரண்டும் தம்முள் மாறுபட்டன அல்ல. அவையின் இயல்பறிந்தவனுக்கே அஞ்சாது பேசுதல் கைவரும். அறியாதவன் ஒன்று, வாய்க்கு வந்ததைப் பேசுவான்; அன்றேல், வாய் திறவாது அமர்ந்திருப்பான்.

வள்ளுவர் கண்ட அவை கண்ணுக்குத் தெரியும் அவை. அங்குள்ளோர் இன்னார் என்பதைப் பேசுவோன் அறிவான். தொலைக்காட்சி என்னும் புதிய ஊடகத்தின் அவையோ கண்ணுக்குத் தெரியாதது. அஃது ஒவ்வொரு வீட்டின் நடுக்கூடத்திலும் அமர்ந்திருக்கின்றது, எண்ணிறந்தது, இன்ன சொல்லால் சினக்கும், இன்ன சொல்லால் மகிழும் என்று வரையறுக்க ஒண்ணாதது. ஆகவே, அவ்வூடகத்தை நடத்துவோர் அவையறிதல் என்னும் நற்பண்பையும் அவையஞ்சுதல் என்னும் குறையையும் பலகால் ஒன்றாகக் கருதி மயங்குகின்றனர். 'மக்கள் மனம் புண்படும்' என்று அவர்கள் கூறும்போது, அதன் பொருள் மக்களை அறிந்தோம் என்பதா, சிலருக்கு அஞ்சினோம் என்பதா என்பது ஆராய்தற்குரியது.

தணிக்கை இருவகைப்படும் என்பது எம் கருத்து. ஒன்று, எழுத்துவழித் தடை. அரசோ அதிகாரியோ சட்டத்தின் பெயரால் பிறப்பிப்பது அது. மற்றொன்று, அச்சவழித் தடை. ஒளிபரப்புவோர் பிறர் சினத்துக்கு அஞ்சித் தாமே மேற்கொள்வது இது. முன்னதற்கு நாள் உண்டு, கையொப்பம் உண்டு, காரணமும் உண்டு. எனவே அதனை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். பின்வரும் ஆராய்ச்சியாளரும் அதனைக் கண்டு மதிப்பிடலாம். பின்னதற்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. தமிழ்த் தொலைக்காட்சியின் வரலாற்றை நோக்குங்கால், தணிக்கையின் இருப்பிடம் முன்னதிலிருந்து பின்னதற்கு மெல்ல மெல்ல இடம்பெயர்ந்தமை புலனாகின்றது. அவ்விடப்பெயர்ச்சியையும் அதனால் விளைந்த இழப்பையும் சில நிகழ்ச்சிகளைக் கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கம் ஆகும். அந்நிகழ்ச்சிகளுள் சில, பழந்தமிழ் நூல்கள் தகடூர் எனப் போற்றும் தருமபுரி மாவட்டத்தைச் சார்ந்தவை.

எழுத்துவழித் தடையின் வரலாறு

நம் நாட்டில் கலைகளின்மீது சட்டம் கைவைத்த வரலாறு தொலைக்காட்சிக்கு முற்பட்டது. ஆங்கில ஆட்சியில் 1876-ஆம் ஆண்டில் நாடக நிகழ்ச்சிச் சட்டம் பிறந்தது. விடுதலைக்குப் பின்னரும் அந்நோக்கு மறையவில்லை. எம். ஆர். இராதாவின் நாடகங்கள் ஊர்தோறும் பரபரப்பை விளைவித்த காலத்தில், 1954-இல், சென்னை மாநில அரசு புதியதொரு நாடகச் சட்டத்தை இயற்றியது. திரைப்படத்திற்கு 1918-லேயே ஒரு சட்டமும், பின்னர் 1952-ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. திரைப்படத்தை முன்கூட்டியே பார்த்துச் சான்று வழங்கும் முறை அரசியலமைப்புக்கு முரணாகாது என்று உச்சநீதிமன்றம் கே. ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில் 1970-இல் தீர்ப்பளித்தது.

தொலைக்காட்சி 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில் தொடங்கியது. சென்னை நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கியது. இந்நாள் கருதத்தக்கது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பெற்று இரண்டு திங்களும் நிறைவுறாத காலம் அது. செய்தித்தாள்கள் முன்தணிக்கைக்கு உட்பட்டிருந்த காலம். ஆகவே, தமிழ்த் தொலைக்காட்சி பிறக்கும்போதே தணிக்கையின் மடியில் பிறந்தது எனலாம். ஆயினும் அதற்கெனத் தனித் தணிக்கைக் குழு ஏற்படவில்லை. ஏற்பட வேண்டிய தேவையும் எழவில்லை. ஒளிபரப்புவோனும் அரசே; தடுப்போனும் அரசே. இரண்டும் ஒருவனே ஆயின், தடை என்பது வெளியே தெரியாது. எது காட்டப்படவில்லை என்பது அலுவலகக் கோப்புகளுக்குள்ளேயே அடங்கிவிடும்.

இந்நிலை 1990-களில் மாறியது. ஐதராபாத்திலும் தில்லியிலும் பம்பாயிலும் தோன்றிய கேபிள் தொழில், துணைக்கோள் வழியே வந்த அயல்நாட்டு அலைவரிசைகளை வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது என்பது போலவே, தமிழகத்து நகரங்களிலும் தெருத்தோறும் கேபிள் நடத்துவோர் தோன்றினர். 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் சன் தொலைக்காட்சி தொடங்கியது. வான்அலைகள் பொதுமக்களின் உடைமை என்றும், அவற்றின்மீது அரசு முற்றுரிமை கொண்டாடுதல் பேச்சுரிமைக்கு ஒவ்வாது என்றும் வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில் உச்சநீதிமன்றம் 1995-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உரைத்தது. அதே ஆண்டில் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பெற்றது.

அச்சட்டத்தின் அமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். திரைப்படத்துக்குள்ளது போன்ற முன்தணிக்கையைத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு அச்சட்டம் விதிக்கவில்லை. மாறாக, நிகழ்ச்சி நெறிமுறை என்று ஒன்றை விதித்தது. நற்சுவைக்கும் நாகரிகத்துக்கும் மாறானவை, சமயங்களையும் சமுதாயங்களையும் தாக்குபவை, வன்முறையைத் தூண்டுபவை முதலியன ஒளிபரப்பத் தகாதன என்று அந்நெறிமுறை கூறுகின்றது. இவ்விதிகளை மீறும் ஒளிபரப்பைப் பொதுநலன் கருதித் தடுக்கும் அதிகாரம், சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, மாவட்ட நடுவர் முதலிய அதிகாரிகளுக்கு உண்டு. 20-ஆம் பிரிவு நடுவண் அரசுக்கு அதனினும் பெரிய அதிகாரத்தை அளிக்கின்றது. எனவே, ஒளிபரப்பின்மீதான தடை தில்லியில் மட்டும் பிறப்பதன்று. மாவட்டத் தலைநகரிலும் பிறக்கக்கூடியது. ஒளிபரப்புவோர் நூற்றுக்கணக்கான அலுவலகங்களின் மனப்போக்கையும் ஊகித்துணர வேண்டிய நிலை இதனால் உண்டாயிற்று.

எனினும், எழுத்துவழித் தடை எத்துணைக் கடுமையாயினும் அதற்கு மாற்று உண்டு. மலையாள மொழியின் மீடியாஒன் என்னும் அலைவரிசைக்கு 2022-ஆம் ஆண்டு சனவரியில் உரிமம் புதுப்பிக்கப்பெறவில்லை. காரணத்தை முத்திரையிட்ட உறையில் வைத்து நீதிமன்றத்திடம் மட்டும் காட்டினர். உச்சநீதிமன்றம் 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் அவ்வாணையைத் தள்ளுபடி செய்தது. ஆணை என ஒன்று இருந்தமையாலேயே அதனைத் தள்ளுபடி செய்தலும் இயல்வதாயிற்று என்பதை ஈண்டு மனங்கொள்ளுதல் வேண்டும்.

நீதிமன்றங்கள் வகுத்த அளவுகோல்

பொதுமக்களின் சினம் என்பதைத் தடைக்குக் காரணமாகக் காட்டலாமா என்னும் வினாவுக்கு நம் நீதிமன்றங்கள் முன்னரே விடை கூறியுள்ளன. அவ்விடைகளுள் மூன்று ஈண்டுக் குறிக்கத்தக்கன.

முதலாவது, 'தமஸ்' தொடர் பற்றியது. நாட்டுப் பிரிவினைக் காலத்துக் கலவரங்களைப் பொருளாகக் கொண்டு பீஷ்ம சாஹனி எழுதிய புதினத்தைக் கோவிந்த் நிகலானி இயக்க, தூர்தர்சன் 1988-இல் ஒளிபரப்பியது. அது சமயப் பகையை மூட்டும் என்று கூறித் தடை வேண்டினர் சிலர். உச்சநீதிமன்றம் அதற்கு இணங்கவில்லை. ஒரு படைப்பின் விளைவை அளக்குங்கால், அறிவும் திண்மையும் உடைய நேரிய மாந்தரை அளவாகக் கொள்ளல் வேண்டும். எதற்கெடுத்தாலும் நடுங்கும் உள்ளத்தாரை அளவாகக் கொள்ளல் ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். இது வள்ளுவர் கூறும் அவையறிதலுக்கு மிக நெருங்கிய கருத்து என்பது தமிழ் கற்றார்க்கு எளிதில் விளங்கும்.

இரண்டாவது, தமிழ்நாட்டிற் பிறந்தது. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்னும் தமிழ்த் திரைப்படம் இடஒதுக்கீட்டைப் பற்றியது. அதற்கு வழங்கப்பெற்ற சான்றைச் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது. அப்படம் காட்டப்பெறின் அமைதி குலையும் என்று மாநில அரசின் சார்பில் வாதிக்கப்பட்டது. எசு. இரங்கராசன் எதிர் பி. செகசீவன்ராம் என்னும் அவ்வழக்கில் 1989-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இத்துறையில் ஒரு மைல்கல். ஆர்ப்பாட்டம் நிகழும் என்ற அச்சுறுத்தலால் பேச்சுரிமையை ஒடுக்கலாகாது. அவ்வாறு ஒடுக்குதல் அச்சுறுத்துவோரிடம் அரசு சரணடைவதற்கு ஒப்பாகும். அமைதியைக் காப்பது அரசின் கடமையே என்று அத்தீர்ப்பு உரைத்தது. பேச்சுக்கும் கேட்டுக்கும் இடையேயுள்ள தொடர்பு, வெடிமருந்துக் கிடங்கில் விழும் தீப்பொறி போல நேரானதாகவும் உடனடியானதாகவும் இருத்தல் வேண்டும் என்றும் அது விளக்கிற்று. இடஒதுக்கீட்டைப் பற்றி அப்படம் கொண்ட கருத்தை ஏற்பார் உளர், மறுப்பார் உளர். யாமும் மறுக்கும் பக்கத்தேம். அதனாலேயே இத்தீர்ப்பின் பெருமை நன்கு விளங்குகின்றது. உடன்படாத கருத்துக்கு இடமளிப்பதே உரிமை என்பதன் பொருள்.

மூன்றாவது, போபால் நச்சுக்காற்றுப் பேரிடரைப் பற்றிய 'பியாண்ட் செனோசைட்' என்னும் ஆவணப்படம் பற்றியது. தேசிய விருது பெற்ற அப்படத்தை ஒளிபரப்பத் தூர்தர்சன் மறுத்தது. மறுப்புக்குக் கூறிய காரணங்கள் ஏற்புடையன அல்ல என்று உச்சநீதிமன்றம் 1992-இல் தீர்ப்பளித்தது.

இம்மூன்றனுள்ளும் பொதுவாகக் காணப்படும் இயல்பு ஒன்று உண்டு. மூன்றினும் ஒரு தரப்பார் காட்ட விரும்பினர். மற்றொரு தரப்பார் தடுத்தனர். இரு தரப்பாரும் நீதிமன்றத்தில் எதிரெதிர் நின்றனர். காட்ட வேண்டியவரே தடுப்பவராகவும் மாறிவிடின் வழக்கு எங்ஙனம் பிறக்கும்? 1989-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வகுத்த அறம், வழக்கு என ஒன்று தோன்றினால் மட்டுமே துணைக்கு வரும். அச்சவழித் தடையில் வழக்கே தோன்றுவதில்லை.

தகடூர் நாட்டு நிகழ்ச்சிகள்

தருமபுரி மாவட்டம் 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சேலம் மாவட்டத்தினின்றும் பிரித்து அமைக்கப்பெற்றது. 2004-இல் கிருட்டினகிரி அதனின்றும் பிரிந்தது. கன்னட நாட்டை எல்லையாக உடைய மாவட்டம் இது. எல்லைப்புற மாவட்டம் ஆதலின், இரு மொழி மக்களின் உணர்ச்சிகளும் இங்கு ஒன்றோடொன்று மோதுதல் உண்டு.

இம்மாவட்டத்து நிலத்தடி நீரில் புளூரைடு மிகுதி. பற்களும் எலும்புகளும் அதனாற் கெடுகின்றன. அதனைப் போக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பெற்றது. 2008-ஆம் ஆண்டில் அத்திட்டப் பணி தொடங்கப்பெற்றதும் கருநாடகத்தில் எதிர்ப்பு மூண்டது. மார்ச்சுத் திங்களின் இறுதியிலும் ஏப்ரலின் தொடக்கத்திலும் பெங்களூரில் தமிழ்ப் படம் ஓடிய திரையரங்குகள் தாக்கப்பெற்றன, காட்சிகள் நின்றன. அதனைக் கண்டித்துத் தமிழ்த் திரையுலகினர் ஏப்ரல் 4-ஆம் நாள் சென்னையில் உண்ணாநோன்பு இருந்தனர். அங்கே கடுமையாகப் பேசிய நடிகர் இரசினிகாந்து, தம் 'குசேலன்' படம் வெளிவரும் வேளையில், அவ்வாண்டு சூலை இறுதியில், கன்னட மக்களிடம் வருத்தம் தெரிவித்தார். குடிநீருக்கும் திரைப்படத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் தருமபுரி மக்கள் குடிக்க விரும்பிய நீர், பெங்களூரில் ஒரு திரைச்சீலையை இறக்கிற்று. சென்னையில் ஒரு சொல்லைத் திரும்பப் பெறச் செய்தது. அத்திட்டம் 2013-ஆம் ஆண்டு மே திங்களில் செயலுக்கு வந்தது.

காவிரிச் சிக்கல் 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் மீண்டும் வெடித்தபோது, பெங்களூரில் கேபிள் நடத்துவோர் தமிழ் அலைவரிசைகளை நிறுத்தினர். அரசின் ஆணையால் நிகழ்ந்ததன்று அது. தம் அலுவலகமும் கம்பிகளும் தாக்கப்படும் என்னும் அச்சமும் போராடுவோரின் வற்புறுத்தலுமே அதற்குக் காரணம். அச்சவழித் தடை செயற்படும் முறைக்கு இஃது ஒரு தெளிவான சான்று. அஞ்சுவோன் இன்னான், அச்சுறுத்துவோன் இன்னான் என்று ஒரு தாளிலும் பதிவாகாமலே, ஒரு நகரத்தில் ஒரு மொழியின் ஒலி அடங்கிவிடுகின்றது.

மாவட்ட அளவிலான தடையின் பேராற்றலை 2013-ஆம் ஆண்டின் 'விசுவரூபம்' நிகழ்ச்சி காட்டிற்று. அத்திரைப்படத்தைத் திரையரங்குகளில் வெளியிடுவதற்கு முன்னரே, வீட்டுக்கு நேரே வரும் துணைக்கோள் தொலைக்காட்சியில் கட்டணத்திற்குக் காட்ட அதன் ஆக்குநர் கமலகாசன் திட்டமிட்டிருந்தார். திரையரங்கு உரிமையாளர்கள் எதிர்த்தமையின் அது தள்ளிப்போடப்பட்டது. பின்னர் இசுலாமிய அமைப்புகள் சில, படத்தில் தம் சமயத்தார் இழிவாகக் காட்டப்பெற்றுள்ளனர் எனக் குறைகூறின. சனவரி இறுதியில் தமிழ்நாட்டு மாவட்டங்கள் அனைத்திலும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவின்கீழ்த் தடையாணைகள் பிறந்தன. தருமபுரியும் அவற்றுள் ஒன்று. ஒரு தனி நீதிபதி தடையை நீக்கினார். மறுநாளே அமர்வு நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. 524 திரையரங்குகளுக்கும் காவல் அளித்தல் இயலாது என்று அந்நாள் முதலமைச்சர் செயலலிதா கூறினார். முடிவில் பேச்சுவார்த்தையின் வழியே சில பகுதிகள் நீக்கப்பெற்று, பிப்ரவரி 7-ஆம் நாள் படம் வெளிவந்தது.

இங்கே இரண்டு வகைத் தடையும் சந்திக்கக் காண்கின்றோம். அமைதியைக் காப்பது அரசின் கடமை என்று 1989-இல் உரைக்கப்பெற்ற நெறி, காவலர் தொகை போதாது என்னும் ஒரு சொல்லால் வலுவிழந்தது. தடையாணை தொடக்கத்தில் எழுத்துவழிப்பட்டது, முடிவிலோ உடன்படிக்கைவழிப்பட்டது. உடன்படிக்கையில் நீக்கப்பெற்ற காட்சிகளைப் பற்றி எந்நீதிமன்றமும் இறுதித் தீர்ப்பு வழங்கவில்லை. சான்றளிக்கப்பெற்ற ஒரு படைப்பு, மேசையைச் சுற்றி அமர்ந்து பேசி முடிக்கப்பட்டது.

2015-ஆம் ஆண்டின் தாலி நிகழ்ச்சி

தமிழ்த் தொலைக்காட்சி வரலாற்றில் அச்சவழித் தடைக்கு முதன்மையான சான்று 2015-இல் நிகழ்ந்தது. தமிழ்த்துறையினர் அதனைத் தனிப்படக் கருதுதற்குக் காரணம் உண்டு.

புதிய தலைமுறைத் தொலைக்காட்சி அவ்வாண்டு மார்ச்சு 8-ஆம் நாள், உலக மகளிர் நாளன்று, தாலி பெண்ணுக்குப் பெருமையா சுமையா என்னும் பொருளில் ஒரு கலந்துரையாடலை ஒளிபரப்ப இருந்தது. அதன் முன்னோட்டம் வெளியானதும் எதிர்ப்பு எழுந்தது. தொலைக்காட்சி நிறுவனம் நிகழ்ச்சியைக் கைவிட்டது. ஆயினும் அன்றே சென்னையில் நிறுவனத்தின் முன் இந்து முன்னணியினர் போராடினர். ஒளிப்பதிவாளர் ஒருவர் தாக்கப்பெற்றார். மார்ச்சு 12-ஆம் நாள் விடியற்காலையில் அந்நிறுவனத்தின்மீது நாட்டு வெடிகுண்டுகள் வீசப்பட்டன. உயிர்ச்சேதம் நிகழவில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

இந்நிகழ்ச்சியின் கால முறை கருதத்தக்கது. நிகழ்ச்சியைக் கைவிட்ட பின்னரே வெடிகுண்டு வீசப்பட்டது. அடங்கினால் அச்சுறுத்தல் அடங்கும் என்னும் கணக்கு இங்குப் பொய்த்தது. அச்சம் அமைதியை விலைக்கு வாங்கும் என்று கருதுவோர் இதனை நன்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, கைவிடப்பட்ட வினாவினை நோக்குவோம். தாலி பற்றிய வினா தமிழாராய்ச்சிக்குப் புதியதன்று. தமிழர் திருமணத்தில் தாலி உண்டா என்பது 1950-களில் அறிஞரிடையே நிகழ்ந்த பெரியதொரு சொற்போர். உண்டு என்று நின்றார் ம. பொ. சிவஞானம், பழங்காலத்தில் இல்லை என்று நின்றார் மா. இராசமாணிக்கனார். அச்சொற்போரின் சான்றுகளை இன்றும் வகுப்பறையில் எடுத்தோதுகின்றோம். அகநானூற்றின் 86-ஆம் பாட்டும் 136-ஆம் பாட்டும் திருமண நிகழ்ச்சிகளை விரித்துரைக்கின்றன. மணமகன் தாலி கட்டியதாக அவற்றுள் இல்லை. பின்னதில் வெண்ணூல் சூட்டப்பெறுகின்றது. அதனைத் தாலியின் முன்னோடி என்பாரும் உளர். புறநானூற்றின் 77-ஆம் பாட்டில் தாலி என்னும் சொல் வருகின்றது; ஆனால், அது நெடுஞ்செழியன் இளமையில் அணிந்த சிறார் அணி. சிலப்பதிகாரத்து மங்கல அணி தாலியே என்பர் ஒருசாரார். பொதுவாக மங்கலப் பொருளைக் குறிக்கும் என்பர் பிறிதொரு சாரார். ஆண்டாளின் கனவுத் திருமணத்தில் கைத்தலம் பற்றுதல் உண்டு. தாலி கட்டுதல் கூறப்பெறவில்லை. சேக்கிழாரின் பெரியபுராணத்திலோ, குங்குலியக் கலயரின் மனைவியார் தம் தாலியை நெல்லுக்காகக் கொடுக்கும் செய்தி உண்டு. எனவே, 12-ஆம் நூற்றாண்டளவில் தாலி மனைவியின் அடையாளமாக நிலைபெற்றிருந்தமை தெளிவு. தொ. பரமசிவன் 'அறியப்படாத தமிழக'த்தில் இப்பொருளை மீண்டும் எடுத்து ஆராய்ந்தார்.

சட்டமும் இவ்வினாவைக் கடந்து வந்துவிட்டது. 1967-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தத்தின்வழி இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ என்னும் பிரிவு சேர்க்கப்பெற்றது. மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ செய்யும் திருமணம் செல்லும் என்பது அதன் விதி. ஆகவே, தாலியின்றியும் திருமணம் செல்லும் என்று சட்டமன்றம் உரைத்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின்னர், தாலியைப் பற்றிப் பேசுதலும் ஆகாது என்னும் நிலை தொலைக்காட்சிக்கு உண்டாயிற்று.

1950-களில் நிகழ்ந்த சொற்போரும் சினமற்றதன்று. இரு சாராரும் கடுஞ்சொல் வழங்கினர். ஆயினும், கட்டுரைக்குக் கட்டுரையும் மேடைக்கு மேடையுமே விடையாக நின்றன. அன்று அச்சேறிய வினா, இன்று திரையேற இயலாமைக்குக் காரணம் யாது? மக்களின் அறிவு குறைந்தது என்று கூறுதல் பொருந்தாது. ஆய்விதழின் அவை சிறியது. அதன்கண் முதலீடும் சிறிது. தொலைக்காட்சியின் அவை பெரியது; விளம்பரதாரர், கேபிள் நடத்துவோர், உரிமம் வழங்கும் அரசு, தெருவில் நிற்கும் கூட்டம் என அஞ்சத்தக்கார் பலர். தமிழ்நாட்டில் கேபிள் வலையமைப்பின் பெரும்பகுதி 2011 முதல் அரசு நிறுவனத்தின் கையில் அமைந்தமையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. கம்பியை உடையவன் அரசனாயின், சொல்லை உடையவன் தயங்குதல் இயல்பே.

அச்சம் யாரைக் காக்கின்றது?

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். தொலைக்காட்சிக்கு எல்லையே வேண்டாவோ, மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தலும் பேச்சுரிமை அன்றோ என்று வினவலாம். நேரிய வினாவே அது. எதிர்ப்பதற்கு யார்க்கும் உரிமை உண்டு. தாக்குதற்கே உரிமை இல்லை. குறை கூறுவோர்க்கு வழியும் உண்டு. செய்தி ஒளிபரப்பாளர் 2008-லும் பிற அலைவரிசையினர் 2011-லும் தாமே முறையீட்டு அமைப்புகளை ஏற்படுத்தினர். 2021-ஆம் ஆண்டில் விதிகள் திருத்தப்பெற்று மூன்றடுக்கு முறையீட்டு முறை வந்தது. எழுத்தில் குறைகூறி எழுத்தில் விடை பெறுதல் நாகரிக நெறி.

எல்லையும் வேண்டுவதே. அதற்குச் சான்றும் தருமபுரியிலேயே உண்டு. 2012-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள், சாதி கடந்த ஒரு திருமணத்தைக் காரணமாக வைத்து, நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் ஒடுக்கப்பட்டோர் வாழ்ந்த மூன்று குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு சூலை 4-ஆம் நாள் அம்மணமகன் இறந்து கிடந்தான். அவ்விரு இளையோரின் மணமும் பிரிவும் கண்ணீரும் நாள்தோறும் திரையிற் காட்டப்பெற்றன. அவர்கள் வாய்திறந்து உரைத்த ஒவ்வொரு சொல்லும் நாடெங்கும் எதிரொலித்தது. ஒளிவாங்கிகளுக்கு நடுவே நிறுத்தப்பட்ட ஓர் இளம்பெண், தன் உள்ளத்தைத் தானே அறிந்து முடிவெடுக்கத் தனிமை பெற்றாளா என்று கேட்டவர் சிலரே. அங்கே தொலைக்காட்சிக்குத் தயக்கம் தேவைப்பட்டது, தயக்கம் பிறக்கவில்லை.

இந்நிகழ்ச்சியையும் தாலி நிகழ்ச்சியையும் ஒப்பிட்டு நோக்கின் ஓர் உண்மை விளங்கும். அச்சவழித் தடை, தீங்கின் அளவைக் கண்டு பிறப்பதன்று. தீங்குற்றதாகக் கூறுவோரின் வலிமையைக் கண்டு பிறப்பது. கூட்டம் சேர்க்க வல்லார் மனம் புண்படும் என்றால் நிகழ்ச்சி நிற்கும். கூட்டம் சேர்க்க மாட்டார் வாழ்வே புண்பட்டாலும் நிகழ்ச்சி நடக்கும். எனவே, அச்சத்தைப் பண்பாட்டுக் காவல் என்று போற்றுதல் பொருந்தாது. அவையறிதல் எளியாரையும் அவையின் உறுப்பாகக் கருதும். அவையஞ்சுதல் வலியாரை மட்டுமே அவை என்று கருதும். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இவ்வச்சம் விளையாட்டுக்கும் பரவியுள்ளது. 2022-ஆம் ஆண்டு சனவரியில் சீ தமிழ் அலைவரிசையில் சிறுவர் இருவர் நடித்த அரசனும் அமைச்சனும் பற்றிய நகைச்சுவைக் காட்சி, நாட்டின் தலைமை அமைச்சரை எள்ளுவதாகக் குறைகூறப்பட்டது. நடுவண் அமைச்சகம் அந்நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது. விளக்கம் கேட்டல் தண்டனை அன்று. ஆயினும், அடுத்த நிகழ்ச்சியை எழுத அமரும் எழுத்தாளனின் கையை அஃது எவ்வளவு தூரம் பின்னுக்கு இழுக்கும் என்பதை அளக்க எந்தக் கருவியும் இல்லை.

முடிவுரை

தகடூர் அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கொட்டிலைக் கண்டு புகழ்வது போலப் பழித்த செய்தியைப் புறநானூற்றின் 95-ஆம் பாட்டு உணர்த்துகின்றது. பளபளக்கும் புதிய படைக்கலங்களைப் புகழ்ந்து, தம் அரசனுடையவோ போரில் முறிந்து கொல்லன் உலையில் கிடக்கின்றன என்றார் அவர். கேட்டவன் வேற்று வேந்தன். நின்ற இடம் அவன் அரண்மனை. ஆயினும் சொல்ல வேண்டியது சொல்லப்பட்டது. அவையின் இயல்பை அறிந்தமையால் சொல்லும் முறையை மாற்றினார். அவைக்கு அஞ்சிப் பொருளை மாற்றவில்லை. இந்நாட்டு ஒளிபரப்பாளர்க்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேண்டுவதின்று.

தமிழ்த்துறையினர்க்கும் ஒரு கடமை உண்டு. தடைசெய்யப்பட்ட நாடகங்களைப் பற்றி ஆராய்வோர்க்கு ஆணைகளும் காவல்துறைக் குறிப்புகளும் ஆவணக் காப்பகத்தில் கிடைக்கின்றன. கைவிடப்பட்ட தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை ஆராயப் புகுவோர்க்கு என்ன கிடைக்கும்? சில நொடி முன்னோட்டமும் மறுநாள் செய்தித்தாளில் வந்த சில வரிகளுமே எஞ்சும். அந்நிகழ்ச்சியில் பேசியோர் யாவர், யாது கூறினர், எந்தச் சான்றைக் காட்டினர் என்பன மறைந்தொழியும். தகடூர் யாத்திரை என்னும் நூல் முழுமையாகக் கிடைக்கவில்லையே என்று வருந்தும் நாம், நம் கண்முன்னே இழக்கப்படும் பனுவல்களைக் காணாதிருத்தல் தகாது.

ஆகவே, ஒளிபரப்பாளர் தாம் கைவிடும் நிகழ்ச்சியைக் கைவிட்ட நாள், காரணம், குறைகூறினோர் பெயர் ஆகியவற்றோடு பதிந்து வைத்தல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் அப்பதிவுகளையும் ஒளிப்படிகளையும் பெற்றுக் காத்தல் வேண்டும் என்பது எம் பரிந்துரை. காரணத்தை எழுதுக என்றால், அஞ்சுவோர் ஒருமுறையேனும் தம் அச்சத்தை நேர்நின்று நோக்குவர். எழுதத் தகாத காரணமாயின், அதன்பொருட்டு நிகழ்ச்சியை நிறுத்தலும் தகாது என்பது அவர்க்கே விளங்கும். பின்வரும் ஆய்வாளரும், இக்காலத்துத் தமிழ் மக்கள் எதனைப் பேசினர் என்பதோடு, எதனைப் பேச அஞ்சினர் என்பதனையும் அறிவர்.